படுத்தால் தூக்கம் வரவில்லை, கவலைதான் வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கை அணைத்த பிறகுதான் மனம் முழுதாக விழித்துக்கொள்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாயங்காலம் டிவி முன்னால் கண் சொக்கும். பாயில் தலை வைத்ததும் கடன், பிள்ளைகள், வேலை, உடம்பு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். அப்படிப் புரண்டு படுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

பகலில் சின்னதாகத் தெரிந்த விஷயம் ராத்திரி மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

பகலில் ஒரு கவலை வந்தால் கூடவே குக்கர் விசில் அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள், பஸ் வந்துவிடும். மனம் அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும். ராத்திரி அப்படிக் குறுக்கே வர ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் எதையும் செய்யவும் முடியாது. வங்கி மூடியிருக்கும், அண்ணனை எழுப்பிப் பேச முடியாது, டாக்டரிடம் கேட்க முடியாது. செய்ய வழியில்லாதபோது யோசித்தால் யோசனை ஒரு முடிவுக்கு வராது, அதே இடத்தைத்தான் சுற்றும்.

தூக்கம் கெட்ட நேரத்தில் நிதானமும் குறைவாகவே இருக்கும். அதனால் இரவு 2 மணிக்கு எடுத்த முடிவு எதுவானாலும் காலையில் சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை பாருங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதுவது, உறவை முறித்துக்கொள்வது, நீளமாக ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புவது, இதெல்லாம் அந்த நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

அசதியில் கண் எரிகிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லையே, ஏன்?

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூங்க வேண்டும் என்ற அழுத்தம் கூடும். இன்னொரு பக்கம், உடம்புக்குள் ஓடும் 24 மணிநேரக் கடிகாரம் எப்போது உறங்கலாம், எப்போது எழலாம் என்று ஒழுங்கு செய்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தை நடத்துகின்றன என்று சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் விளக்கினார். தூக்கத்தைப் பற்றி இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி அதன் மேல் எழுந்ததுதான்.

இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தும் மூன்றாவதாக ஒன்று குறுக்கிடலாம். அது பதற்றம். பயமோ கோபமோ வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், தாடையும் தோளும் இறுகும், சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். ஆபத்து பக்கத்தில் இருக்கும்போது மனிதன் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக உடம்பில் உண்டான ஏற்பாடு இது. அடுத்த மாதம் கட்ட வேண்டிய தவணையைக்கூட அது வாசலில் நிற்கும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அசந்துபோன உடம்பும் விழித்துக்கொண்ட மூளையும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். உங்கள் உடம்பில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

அப்படியென்றால், தூங்க முயற்சி செய்வதே தவறா?

முயற்சிதான் பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் பூனை மாதிரி. துரத்தினால் கட்டிலுக்கு அடியில் ஓடும், கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் தானே வந்து மடியில் படுக்கும். நன்றாகத் தூங்குகிறவர்களிடம் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பதில் தெரியாது. ஒன்றும் செய்யாமல்தான் அவர்கள் தூங்கிப்போகிறார்கள்.

வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதற்கு நேர்மாறான வழி ஒன்றைச் சொன்னார்: தூங்க முயலாதீர்கள், விழித்திருக்க முயலுங்கள். இருட்டில் சௌகரியமாகப் படுத்து, செல்போனைத் தொடாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘இன்னும் கொஞ்ச நேரம் முழித்திருப்போம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் ‘தூங்கியாக வேண்டும்’ என்ற பயம் அந்த நிமிடத்தில் விலகுகிறது. தூக்கத்தை மறித்துக்கொண்டிருந்தது பல நேரம் அந்தப் பயம்தான்.

இன்றைக்குத் தூங்காவிட்டால் நாளைக்கு நான் அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. உண்மையிலேயே என்ன ஆகும்?

எரிச்சல் வரும், மறதி வரும், மதியம் கண் சொருகும். வண்டி ஓட்டுவதும் இயந்திரத்தில் வேலை செய்வதும் உண்மையிலேயே ஆபத்து, அதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றபடி, இழந்த தூக்கத்தை மணிக்கு மணி திருப்பித் தரும்படி உடம்பு கேட்பதில்லை. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் சான் டியாகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் ஒரு சோதனைக்காக 264 மணிநேரம், அதாவது 11 நாட்கள், தூங்காமல் இருந்தார். அது முடிந்ததும் அவர் தூங்கியது சுமார் 14 மணிநேரம்தான். அதைப் போல யாரும் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் இழந்ததை ஈடுசெய்யும்போது உடம்பு நேரத்தைவிட ஆழத்தைக் கூட்டுகிறது என்பதற்கு அது சாட்சி. ஓர் இரவு கெட்டால் அடுத்த இரவுக்கான அழுத்தம் தானாகக் கூடியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை’ என்று உறுதியாகச் சொல்கிறவர்களைத் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் கருவி பொருத்திப் பார்த்தால், பலர் சில மணிநேரமாவது தூங்கியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. லேசான தூக்கம் விழிப்பு போலவே நினைவில் நிற்கிறது.

8 மணிநேரம் கட்டாயமா?

இல்லை. பெரியவர்களுக்கு 7 மணிநேரம் அல்லது அதற்குமேல் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் சேர்ந்து சொன்ன பரிந்துரை. ஆளுக்கு ஆள் இதில் வேறுபாடு உண்டு. பகலில் தெம்பாக இருக்கிறீர்களா என்பதை வைத்துப் பாருங்கள். வயதாக ஆகத் தூக்கம் லேசாகும், நடுவில் விழிப்பும் கூடும்.

தூக்கம் வராவிட்டாலும் படுத்தே கிடந்தால் ஓய்வாவது கிடைக்குமே?

பதற்றமில்லாமல் நிம்மதியாகப் படுத்திருக்க முடிகிறது என்றால் படுத்திருங்கள், தவறில்லை. புரண்டு புரண்டு மனம் கொதிக்கிறது என்றால் எழுந்துவிடுவதே நல்லது. தினமும் இரண்டு மணிநேரம் படுக்கையில் கவலைப்பட்டால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிக்கொள்ளும். சோபாவில் தூங்கிப்போகிறவருக்குக் கட்டிலில் போய்ப் படுத்ததும் முழிப்பு வந்துவிடுவது இதனால்தான்.

இந்தப் பழக்கத்தை உடைக்க ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் ஒரு முறையைச் சொன்னார். தூக்கம் கண்ணை அழுத்தும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். குத்துமதிப்பாக 15, 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும், மறுபடி கண் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும். எத்தனை முறை ஆனாலும் இப்படித்தான். ராத்திரி எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகலில் தூங்கக் கூடாது.

இதைப் படித்ததும் நம் ஊரில் பலருக்கு வரும் கேள்வி எனக்குத் தெரியும்: ‘வேறு இடம்’ என்றால் எது? ஒரே ஹாலில் ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருக்கும் வீட்டில் எழுந்து எங்கே போவது? அறை மாற வேண்டும் என்பதில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். பாய் விரித்திருந்தால் தூக்கம், சுருட்டியிருந்தால் விழிப்பு என்று மூளைக்குப் புரிகிறது. சமையலறையில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். துணி மடிப்பது, கீரை ஆய்வது, பழைய வார இதழைப் புரட்டுவது மாதிரி சுவாரசியம் குறைந்த வேலையாக இருக்கட்டும். ‘ஏன் எழுந்தே? என்ன ஆச்சு?’ என்று வீட்டில் பதறுவார்கள் என்றால் சாயங்காலமே அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள். இருட்டில் எழுந்தால் விழக்கூடிய வயதானவர்கள் மட்டும் எழ வேண்டாம். படுக்கையிலேயே தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்ளலாம்.

அதோடு, கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ‘மணி 1.40. இப்போது தூங்கினாலும் நாலு மணிநேரம்தான்’ என்ற கணக்கு யாரையும் தூங்கவிட்டதில்லை.

‘கவலைப்படாதே’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எப்படி முடியும்?

முடியாது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லிச் சிலரை 5 நிமிடம் உட்கார வைத்தார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கரடியை நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலிலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக வந்தது. அடக்கி வைத்த நினைவு அப்படித்தான் திரும்பி வரும்.

அடக்குவதற்குப் பதில், கவலைக்குப் பகலில் ஒரு நேரம் கொடுத்துவிடலாம். தூக்கம் கெட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1983-இல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணிநேரம். அது படுக்கையாக இருக்கக் கூடாது. தூங்கும் நேரத்துக்கு ரொம்பப் பக்கத்திலும் வேண்டாம், சாயங்காலம் 6 மணி, 7 மணி என்றால் நல்லது. மற்ற நேரத்தில் கவலை வந்தால், ‘இதைச் சாயங்காலம் பார்க்கிறேன்’ என்று குறித்து வைத்துவிட வேண்டும். அந்த அரை மணிநேரம் மனதாரக் கவலைப்படலாம், ஆனால் கையில் பேனா இருக்க வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் கவலை, வலது பக்கம் அதற்கு அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம். ‘அப்பாவின் பரிசோதனை ரிசல்ட் என்ன ஆகுமோ’ என்பது இடது பக்கம். ‘வியாழன் காலை 10 மணிக்கு லேபுக்குப் போன் செய்ய வேண்டும், தம்பியை அன்றைக்கு லீவு போடச் சொல்ல வேண்டும்’ என்பது வலது பக்கம். ‘பையனுக்குப் பிளஸ் டூ மார்க் குறைந்தால்?’ என்பது இடது பக்கம் என்றால், வலது பக்கம் ‘பாலிடெக்னிக், கலைக் கல்லூரி விண்ணப்பத் தேதிகளை விசாரிக்க வேண்டும்’. சிலவற்றுக்கு வலது பக்கம் எழுத ஒன்றுமே இருக்காது. அப்போது ‘இதற்கு இன்று செய்ய ஒன்றும் இல்லை’ என்றே எழுதுங்கள். அந்த வரியை எழுதும்போது சிலருக்கு அழுகை வரும். வரட்டும். ராத்திரி தனியாகக் கிடந்து அழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எழுதுவதற்குப் பலன் உண்டா என்பதை அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களை வைத்துச் சோதித்தது. படுக்கும் முன் 5 நிமிடம், அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றைப் பாதிப் பேர் எழுதினார்கள், ஏற்கெனவே செய்து முடித்தவற்றை மீதிப் பேர் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதத் தூக்கம் சீக்கிரம் வந்தது. இது 2018-இல் வெளியானது. ஆரோக்கியமான இளைஞர்களிடம் ஓர் இரவு செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் ஒரு நோட்டுக்கும் பேனாவுக்கும் மேல் செலவில்லாத வழி என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

முதல் வாரம் பலன் பெரிதாகத் தெரியாது. ராத்திரி கவலை வந்து நிற்கும்போது ‘உனக்கு நாளை சாயங்காலம் நேரம் இருக்கிறது’ என்று மனம் நம்புவதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

என் கவலை கற்பனை இல்லை. நிஜமாகவே கடன் இருக்கிறது. நோட்டில் எழுதினால் கடன் அடைந்துவிடுமா?

அடையாது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் மூச்சுப் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். சம்பளம் போதாமல், வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில் தூக்கம் வராதது நோயே இல்லை.

ஆனாலும் கடனைச் சமாளிக்கப்போவது பகலில் இருக்கும் நீங்கள்தான், அந்த ஆளுக்குத் தெம்பு வேண்டும். கிளைக்குப் போய்த் தவணையைத் தள்ளி வைக்க முடியுமா, காலத்தை நீட்டிக் கொடுப்பார்களா என்று கேட்க வேண்டும். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் பார்க்க வேண்டும். மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் வாங்கிய கடன் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. தொகையைவிட ஒளித்து வைத்திருப்பது கனக்கிறது. சொன்ன அன்று வீட்டில் சண்டை வரலாம். அதற்குப் பிறகு இரண்டு பேராக யோசிக்கலாம்.

வசூல் செய்கிறவர்கள் ராத்திரியில் போன் செய்கிறார்களா? வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பாக்கித் தவணைக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்து வைத்துக்கொண்டு முதலில் அந்த நிறுவனத்திடமும், பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் புகார் கொடுக்கலாம். 7 மணிக்கு மேல் தெரியாத எண்ணை எடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை.

விளக்கை அணைத்த பிறகு மனதை எதில் வைப்பது?

எண்ணுவது பலருக்கு உதவுவதில்லை. எண்ணிக்கொண்டே கவலைப்பட மனதுக்கு முடியும். காட்சியாக எதையாவது நினைப்பது மேல். 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அலிசன் ஹார்வி செய்த ஆய்வில், அமைதியான ஒரு காட்சியை விவரமாகக் கற்பனை செய்தவர்கள் சும்மா விடப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். உங்கள் பாட்டி வீட்டுக்குள் வாசலிலிருந்து ஒவ்வோர் அறையாக நடந்து பாருங்கள். திண்ணை, நடை, முற்றம், அடுக்களையில் எந்தப் பக்கம் அடுப்பு என்பதுவரை.

கனடாவைச் சேர்ந்த லுக் போடுவான் சொன்ன இன்னொரு வழி தமிழுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. ஏதாவது ஒரு சாதாரணச் சொல், ‘கதவு’ என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தில் தொடங்கும் பொருள்களை ஒவ்வொன்றாக மனக்கண்ணில் பாருங்கள்: கரும்பு, கண்ணாடி, கம்பளி, கப்பல். தீர்ந்ததும் அடுத்த எழுத்து: தவளை, தண்டவாளம், தட்டு. அப்புறம் வ: வண்டி, வளையல். ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்கக் கூடாது. தொடர்பில்லாமல் காட்சி மாறுவது, தூக்கம் வரும் தறுவாயில் மனம் தானாகவே செய்வது. க-வில் ‘கடன்’ என்று வந்தால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள்.

சுலோகமோ, ஜபமாலையோ, திக்ரோ பழக்கம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். வேண்டுதல் பட்டியலாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இறுகியிருந்தால் எட்மண்ட் ஜேக்கப்சன் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய முறை உண்டு. பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாக ஐந்தாறு விநாடி இறுக்கி, அப்படியே தளரவிட வேண்டும். நெற்றிவரை வாருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும்.

படுத்ததும் தூங்கிவிடுகிறேன். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அது ஏன்?

ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். 10, 11 மணிக்குப் படுத்தவருக்கு 3 மணி அளவில் லேசான தூக்கமும் கனவும்தான் மிச்சம். ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். சுற்றுகளுக்கு நடுவில் எல்லோருமே கொஞ்சம் விழிக்கிறோம், புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். கவலை இருப்பவருக்கு அந்தச் சின்ன விழிப்பு பிடித்துக்கொள்கிறது.

வழி அதேதான்: மணி பார்க்க வேண்டாம், நாளைய கணக்கைத் தொடங்க வேண்டாம், நீண்டால் எழுந்துவிடுங்கள். தினமும் இருட்டிலேயே விழிப்பு வந்து, காலையில் மனம் மிகக் கனமாக இருந்து, எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் பிடிக்காமல் போகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தூக்கத்தோடு சேர்த்து அதற்கும் வைத்தியம் வேண்டும்.

செல்போன் வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறதாமே?

வெளிச்சமும் ஒரு காரணம். என் கணிப்பில் அதில் வரும் செய்தி இன்னும் பெரிய காரணம். அலுவலக குரூப்பில் மேலாளர் போட்ட ஒரு வரி, சொந்தக்காரர் வாங்கிய வீடு, விபத்து வீடியோ. சார்ஜரைக் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன டைம்பீஸ் போதும், முகம் சுவரைப் பார்க்கத் திரும்பி இருக்கட்டும்.

காபி, பால், ஜாதிக்காய், வெந்நீர்க் குளியல், ‘ஒரு பெக்’: இதில் எது உதவும்?

காபியில் இருக்கும் கஃபீன், முன்னே சொன்ன அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே பலருக்கு 5 மணிநேரம் அளவில் ஆகும். தூக்கம் கெட்டிருக்கும் காலத்தில் மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். மாலை 4 மணி டீ இல்லாமல் தலை வலிக்கும் என்பவர்கள் அரை டம்ளராகக் குறைத்துத் தொடங்கலாம்.

வெதுவெதுப்பான பால் குடித்தால் சுகமாக இருக்கும், அதிலிருந்து பெரிய மருந்துப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். ஜாதிக்காயைச் சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள். அளவு கூடினால் படபடப்பு, வாந்தி, புத்தித் தடுமாற்றம்வரை போகும் நச்சு அது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். கசகசா பால் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் துபாய் பக்கம் போகும்போது அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

குளியலுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. படுப்பதற்கு 1 முதல் 2 மணிநேரம் முன் 40 முதல் 42.5 டிகிரி சூட்டில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் காட்டினார்கள். வெந்நீர் கை கால்களுக்கு ரத்தத்தை இழுக்கும், அதன் வழியாக உடம்பின் உள்சூடு இறங்கும், அந்த இறக்கம்தான் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. ராத்திரி தலைக்கு ஊற்றத் தயங்குகிறவர்கள் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம், பாதத்தை வெந்நீரில் வைத்தாலும் சரி. சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பவர்கள் வேறொருவரைச் சூடு பார்க்கச் சொல்ல வேண்டும்.

சாராயம், பிராந்தி, விஸ்கி எதுவானாலும் முதலில் அமுக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். குறட்டையையும் கூட்டும். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர் பிறகு குடி இல்லாமல் தூங்க முடியாத நிலைக்குப் போவார்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன?

வேண்டாம். அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை இந்தியாவில் 2013-இல் எச்1 என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடையில் பதிவு செய்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்த அளவு கட்டுப்பாடு வைத்ததற்குக் காரணம், உடம்பு அவற்றுக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பது. வயதானவர்கள் ராத்திரி எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள்.

மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் கடுமையான பதற்றமும், சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். டாக்டர் குறுகிய காலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுவதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. துக்கம் நடந்த வீட்டில் சில நாள் அது தேவைப்படலாம்.

மாதக்கணக்காக இப்படியே இருக்கிறது. நிரந்தர வழி உண்டா?

உண்டு. வாரத்தில் 3 இரவுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்பார்கள். அதற்கு முதலில் தர வேண்டியது சிபிடி-ஐ என்ற உளவியல் சிகிச்சை, மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் வழிகாட்டியது. முன்னே சொன்ன எழுந்துபோகும் முறை, தளர்வுப் பயிற்சி எல்லாம் அதன் பகுதிகள்.

அதில் முக்கியமான இன்னொரு பகுதியை ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்டார். தூக்கமின்மையைத் தொடங்கிவைத்த காரணம், ஒரு சாவோ வேலை போனதோ, நாளடைவில் அடங்கிவிடும். ஆனால் ஈடுகட்டுவதற்காக நாம் பழகிய பழக்கங்கள் அதைத் தொடர வைக்கும். சீக்கிரமே படுப்பது, லேட்டாக எழுவது, மதியம் தூங்குவது. அதனால் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். 9.30 முதல் 6.30 வரை படுத்து 6 மணிநேரம்தான் தூங்குகிறவர், சில வாரம் 12 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும். தூக்கம் ஒரே மூச்சாகக் கூடியதும் வாரத்துக்கு 15 நிமிடம் நீட்டிக்கொண்டே போகலாம். 5 மணிநேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் கஷ்டமாகவே இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களும், லாரி, பஸ் ஓட்டுகிறவர்களும் இதைத் தானாகச் செய்யவே கூடாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். படுத்ததும் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூடு, ஆஸ்துமா, சில மருந்துகள் ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்களில் எத்தனையோ பேர் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள்தான்.

‘நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி’ என்ற நினைப்பு ராத்திரியில் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் 24 மணிநேரமும் தமிழில் பேசலாம், அது 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.

தூங்காமல் புரள்வது நானில்லை, என் வீட்டுக்காரர். நான் என்ன செய்யலாம்?

அவர் எழுந்து உட்கார்ந்தால் விளக்கைப் போட்டு விசாரிக்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை போதும். ராத்திரி 2 மணிக்குப் பிரச்சினையைத் தீர்க்க உட்கார வேண்டாம், ‘காலையில் சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லி, காலையில் உண்மையாகவே சேர்ந்து பாருங்கள். அவர் அந்த வார்த்தையை நம்பத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. காலையில் எழுந்ததும் ‘நேற்று தூங்கினீங்களா?’ என்று தினமும் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்ல வேண்டுமே என்று ராத்திரி அவர் இன்னும் கஷ்டப்படுவார்.